வாளியும் துளையட்டையும்: கடலியல் தரவுகளை ஒருங்கிணைத்த முயற்சிகளின் வரலாறு

பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை கடந்த ஒன்றரை நூற்றாண்டில் எவ்வளவு மாறியுள்ளது என்ற வினாவுக்கு விடை தேடும் ஆய்வாளர் கடலுக்குச் செல்வதில்லை, தரவுத்தளத்துக்கே செல்கின்றார். அங்கு அவர் காண்பவை பல நாட்டுக் கப்பல்களில், பல மொழிகளில், பல அளவு முறைகளில், பெரும்பாலும் அறிவியற் பயிற்சியற்ற மாலுமிகளால் எழுதப்பட்ட எண்களாகும். 'ஐகோட்ஸ்' என்று சுருக்கமாக வழங்கும் பன்னாட்டுப் பெருங்கடல் – வளிமண்டலத் தரவுத்தொகுப்பின் 3.0ஆம் பதிப்பு 1662 முதல் 2014 வரையான காலத்தைச் சார்ந்த 45 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டுள்ளது. காலநிலை மாற்றம் பற்றிய உலக விவாதத்தின் அடித்தளங்களுள் இத்தொகுப்பும் ஒன்று.

தரவு ஒருங்கிணைப்பு என்பது கணினித் தொழினுட்பம் தோற்றுவித்த அண்மைக்காலச் சிக்கல் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. கோப்பு வடிவங்களை ஒன்றுபடுத்துதல், வலையமைப்புகளை இணைத்தல், பொதுச் சொற்றொகுதியை வகுத்தல் ஆகியவையே அதன் பணிகள் எனத் துறைசார் நூல்கள் பேசுகின்றன. இக்கட்டுரை அதனை வரலாற்றுச் சிக்கலாக நோக்குகின்றது. எண்களைச் சேர்ப்பது ஒப்பீட்டளவில் எளிய செயல். ஒவ்வோர் எண்ணும் எவ்வாறு, எக்கருவியால், எச்சூழலில் பெறப்பட்டது என்ற செய்தியை இழக்காமல் சேர்ப்பதே கடினமானது. அச்செய்தி இழக்கப்பட்ட இடங்களில், கடல் ஒருபோதும் அடையாத வெப்பமும் குளிர்ச்சியும் அறிவியற் கட்டுரைகளில் இடம்பெற்றன.

பிரசெல்சு, 1853

ஐக்கிய அமெரிக்கக் கடற்படை அலுவலரான மத்தியூ ஃபான்டெயின் மோரி 1839ஆம் ஆண்டு நிகழ்ந்த வண்டி விபத்தில் கால் முடமாகிக் கடற்பணிக்குத் தகுதியிழந்தார். 1842இல் வாசிங்டனிலிருந்த கடற்படையின் வரைபட, கருவிக் கிடங்கு அவரது பொறுப்பில் விடப்பட்டது. கடற்படைக் கப்பல்களின் பழைய பதிவேடுகள் அங்கே பயன்பாடின்றிக் குவிந்து கிடந்தன. அவற்றில் நாள்தோறும் குறிக்கப்பட்டிருந்த காற்று, நீரோட்டம் ஆகியவற்றைத் தொகுத்து 1847 முதல் வரைபடங்களாக வெளியிடத் தொடங்கினார். தம் வரைபடங்களை வணிகக் கப்பல்களுக்கு விலையின்றி வழங்கி, அதற்கு ஈடாகக் கப்பல் தலைவர்கள் தாம் குறித்தவற்றை வகுத்துரைத்த படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்ததே மோரியின் தனித்திறன். தரவு கொடுப்பவனுக்கே தரவின் பயன் முதலில் சென்றடைய வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டைப் பிற்கால நிறுவனங்கள் பலவும் மறந்தன எனலாம்.

1853ஆம் ஆண்டு ஆகத்து 23 முதல் செத்தெம்பர் 8 வரை பிரசெல்சு நகரில் பத்து நாடுகளின் பேராளர்கள் கூடினர். பெல்சிய வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ஃப் கெற்றலே தலைமை தாங்கினார். பேராளர்களுட் பெரும்பாலோர் கடற்படை அலுவலர்கள். கப்பல்கள் அனைத்தும் பின்பற்றத்தக்க பொதுப் பதிவேட்டுப் படிவம் ஒன்றை இம்மாநாடு வகுத்தது. போர்க்காலத்திலும் இப்பதிவேடுகளைப் பகைவரின் உடைமையாகக் கருதாது மதிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. இப்பரிந்துரைக்குக் காரணமாக இருந்த மோரியே 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது வாசிங்டன் பணியைத் துறந்து தென் மாநிலங்களின் கூட்டமைப்புடன் சேர்ந்துகொண்டார்.

பிரசெல்சுப் படிவம் நிரல்களை ஒன்றாக்கியது; நிரலுக்குள் எழுதப்படும் எண்ணைப் பெறும் முறையை அதனால் ஒன்றாக்க இயலவில்லை. அடுத்த நூறு ஆண்டுச் சிக்கல்களின் வேர் இங்கேயே உள்ளது.

மாநாட்டுக்கு முற்பட்ட பதிவேடுகளின் நிலை இன்னும் சிக்கலானது. ஆங்கிலேயக் கடற்படையில் 1805 வரை கப்பலின் நாள் நள்ளிரவில் அன்றி நண்பகலில் தொடங்கியது. ஆதலால் பதிவேட்டுத் தேதியும் கரையின் தேதியும் அரைநாள் வேறுபட்டன. நெடுங்கோடுகள் கிரீனிச்சிலிருந்தும் பாரிசிலிருந்தும் தெனரிஃபிலிருந்தும், சில வேளைகளிற் கப்பல் இறுதியாகக் கண்ட முனையிலிருந்தும் எண்ணப்பட்டன. ஆங்கில, ஒல்லாந்த, பிரெஞ்சு, இசுப்பானியப் பதிவேடுகளிலிருந்து 1750 – 1850 காலத்து வானிலையை மீட்க முயன்ற 'கிளிவோக்' திட்டம் இத்தகைய நூற்றுக்கணக்கான தொடக்கக் கோடுகளை எதிர்கொண்டது. காற்றின் வலிமையோ எண்ணாக அன்றிச் சொல்லாகவே இருந்தது. எனவே அத்திட்டத்தின் முதன்மையான வெளியீடுகளுள் ஒன்றாக அமைந்தது ஓர் அகராதி. நான்கு மொழி மாலுமிகளின் காற்றுச் சொற்களைப் பொருள் ஒப்பிட்டு, ஒவ்வொன்றையும் பியூஃபோர்ட் அளவுகோலின் படிநிலையோடு இணைத்த அகராதி அது. சொற்பொருளாய்வின்றிக் கடலியல் ஒரு படியும் நகர இயலாத இடம் இது என்பது தமிழியல் ஆய்வாளர் கருதத்தக்கது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று தமிழ்க் கரையோர மக்கள் வழங்கும் காற்றுப் பெயர்கள் திசையை மட்டுமன்றிப் பருவத்தையும் தொழிலையும் உடன் உணர்த்துவன. அவற்றைத் திசைமானியின் பாகைகளாக மட்டும் பெயர்த்தால் அச்செய்தியின் பெரும் பகுதி கழிந்துவிடும்.

சென்னைக் கடலோரத்துக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் 1789 முதல் 1834 வரை எழுதிய 891 பதிவேடுகள் இலண்டனில் பாதுகாக்கப்பட்ட மூலங்களிலிருந்து எண்ணியலாக்கப்பட்டன. அவற்றிலிருந்து பெறப்பட்ட ஏறத்தாழ 2,73,000 வானிலைப் பதிவுகள் பற்றிய ஆய்வு 2012இல் வெளிவந்தது. வணிகக் கணக்கின் பொருட்டு எழுதப்பட்ட ஏடுகள் இருநூறு ஆண்டுகளின் பின்னர் காலநிலைச் சான்றுகளாயின.

வாளியில் அள்ளிய நீர்

கடல்நீரின் மேற்பரப்பு வெப்பநிலையை அறிய, மாலுமி ஒரு வாளியைக் கயிற்றில் இறக்கி நீர் முகந்து, தளத்துக்கு ஏற்றி, அதில் வெப்பமானியை வைத்தான். தொடக்கத்தில் மரவாளிகளும் பின்னர்த் துணிவாளிகளும் வழக்கிலிருந்தன. துணிவாளியின் ஈரப்புறத்திலிருந்து நீர் ஆவியாகும். அதனால் உள்ளிருக்கும் நீர் குளிரும். தளத்திற் காற்று எவ்வளவு வீசியது, வாளி எவ்வளவு நேரம் நின்றது என்பவற்றைப் பொறுத்துக் குளிர்ச்சியின் அளவு மாறும். நீராவிக் கப்பல்கள் பெருகியபின் மற்றொரு முறை பரவியது. இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளிழுக்கப்படும் கடல்நீரின் வெப்பநிலையைக் குழாயிலேயே அளந்தனர். இயந்திர அறையின் வெம்மையால் இவ்வளவீடு உண்மையினும் சற்று மிகுந்து நிற்கும். ஒன்று குறைத்துக் கூறும். மற்றொன்று கூட்டிக் கூறும். தொகுப்பில் இரண்டும் ஒரே நிரலில் எழுதப்பட்டன. பெரும்பாலான பதிவுகளில் இது எம்முறையால் பெறப்பட்டது என்ற குறிப்பு இருக்கவில்லை.

இதன் விளைவு 2008இல் வெளிப்பட்டது. உலகக் கடல் வெப்பநிலை வரைபடத்தில் 1945ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ 0.3 பாகை செல்சியசு அளவிலான திடீர் வீழ்ச்சி ஒன்று காணப்பட்டது. எரிமலை வெடிப்போ எல் நினோவோ அதற்குப் பொருந்தவில்லை. டேவிட் தாம்சன், ஜான் கென்னடி, ஜான் வாலசு, பில் ஜோன்சு ஆகிய நால்வரும் இயற்கைக் காரணங்களை நீக்கிவிட்டு நோக்கியபோது விடை கடலில் அன்றிக் கப்பல்களின் கொடியில் இருந்தது. 1942 சனவரி முதல் 1945 ஆகத்து வரையான பதிவுகளுள் ஏறத்தாழ 80 விழுக்காடு அமெரிக்கக் கப்பல்களுக்குரியவை. அவை பெரும்பாலும் இயந்திர அறை முறையைக் கையாண்டன. போர் முடிந்தபின் 1949 வரையான பதிவுகளில் அமெரிக்கப் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடாகக் குறைந்து, பிரித்தானியப் பங்கு 50 விழுக்காடளவுக்கு உயர்ந்தது. பிரித்தானியர் வாளியைக் கையாண்டனர். போர் முடிந்தது, வாளி மீண்டது, தொகுப்பு அதனைக் கடல் குளிர்ந்ததாகக் காட்டியது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அரசியல் நிகழ்வு இயற்பியல் நிகழ்வின் வேடத்தில் நின்றது என்பது மிகைக்கூற்றாகாது.

துளையட்டை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்க, சப்பானிய நிறுவனங்கள் பதிவேடுகளைத் துளையட்டைகளுக்கு மாற்றத் தொடங்கின. பரவலாக வழங்கிய அட்டையில் 80 நிரல்களே உண்டு. தேதி, இடம், காற்று, அழுத்தம், முகில், வெப்பநிலை அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காதவை விடப்பட்டன. எதனை விடுவது என்பதை முடிவு செய்தவர் பெரும்பாலும் அலுவலகப் பொறுப்பாளரே. எதிர்கால ஆய்வாளரின் தேவை எதுவாக இருக்கும் என்று அவரால் எண்ணியிருக்க இயலாது. 'அட்டைக் கட்டு' என்னும் பொருள் தரும் சொல்லும் கட்டு எண்களும் ஐகோட்ஸ் தொகுப்பில் இன்றும் வழங்குகின்றன. காகித அட்டைகள் மறைந்தபின்னரும் அவற்றின் நிழல் நிலைத்துள்ளது.

இந்நிழலின் நீளத்தை 2019இல் டுவோ சான், பீட்டர் ஹைபர்சு முதலியோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வட அத்திலாந்திக்கு வேகமாகவும் வட பசிபிக்கு மந்தமாகவும் வெப்பமடைந்ததாகத் தரவுகள் கூறின. காலநிலை மாதிரிகள் எவையும் இவ்வேறுபாட்டை விளக்கவில்லை. ஆய்வாளர் ஒவ்வொரு நாட்டுக் கட்டையும் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் சென்ற பிற கப்பல்களோடு ஒப்பிட்டபோது, ஒரு சப்பானியக் கட்டு 1930களில் தொடர்ந்து குறைத்துக் கூறுவது புலப்பட்டது. சப்பானியப் பதிவுகள் பத்திலொரு பாகை வரை எழுதப்பட்டிருந்தன. அவற்றை அமெரிக்க விமானப்படை எண்ணியலாக்கியபோது தசமத்துக்குப் பின்னுள்ள இலக்கம் கைவிடப்பட்டது. முழுமையாக்கப்படாமல் வெட்டப்பட்டமையால் 18.9 என்பது 18 ஆயிற்று. பத்து இலக்கங்களும் சமமாக வருமெனக் கொண்டால் இவ்வெட்டினால் சராசரியாக 0.45 பாகை இழப்பு நேரும் என்பது எளிய கணக்கு. உலக வெப்ப உயர்வே ஒரு பாகையளவிற் பேசப்படும் துறையில் இது சிறு தொகையன்று. இதனையும் ஏனைய கட்டுகளின் வேறுபாடுகளையும் திருத்தியபின் இரு பெருங்கடல்களின் வெப்ப உயர்வும் ஒன்றையொன்று நெருங்கின.

இத்திருத்தம் இயன்றதன் காரணம் சிந்திக்கத்தக்கது. ஐகோட்ஸின் முன்னோடியான 'கோட்ஸ்' 1985இல் 1854 – 1979 காலத்துக்குரிய தொகுப்பாக வெளியானபோது, பல கோடிப் பதிவுகளுள் ஒரே அவதானம் இருமுறை வந்தவை நீக்கப்பட்டன. எனினும் ஒவ்வொரு பதிவும் எக்கட்டிலிருந்து வந்தது என்ற குறியீடு நீக்கப்படவில்லை. இடத்தை மிச்சப்படுத்தும் நோக்கில் அக்குறியீட்டையும் கைவிட்டிருப்பின் சப்பானியக் கட்டினைப் பிரித்தறிய வழியே இருந்திராது.

இந்தியப் பெருங்கடலும் பொது வலையும்

பன்னாட்டுப் புவியியற்பியல் ஆண்டான 1957 – 58, உலகத் தரவு மையங்கள் என்ற கருத்தைத் தந்தது. பனிப்போரின் நடுவே ஒரு மையம் அமெரிக்காவிலும் மற்றொன்று சோவியத்து ஒன்றியத்திலும் அமைந்தன. யுனெசுக்கோவின் அரசிடைக் கடலியல் ஆணையம் 1960இல் தோன்றியது. அதன் தரவுப் பரிமாற்றத் திட்டம் 1961இல் தொடங்கியது. இவற்றின் முதற்பெரும் சோதனைக்களமாக அமைந்தது இந்தியப் பெருங்கடல். 1959 முதல் 1965 வரை நடைபெற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப்பயணத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் பங்கேற்றன.

இப்பயணத்தின் உயிரியற் பகுதி முன்னைய தவறுகளிலிருந்து விலகிய அரிய எடுத்துக்காட்டு. நுண்மிதவையுயிரிகளை வெவ்வேறு கண்ணளவுள்ள வலைகளாற் பிடித்தால் ஒப்பீடு இயலாது. ஆதலால் 'இந்தியப் பெருங்கடல் பொதுநிலை வலை' ஒன்று வடிவமைக்கப்பட்டது. 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேற்பரப்பு வரை செங்குத்தாக இழுக்க வேண்டும் என்ற விதியும் உடன் வகுக்கப்பட்டது. கிடைத்த மாதிரிகள் கொச்சியில் நிறுவப்பட்ட இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்துக்கு அனுப்பப்பட்டு ஓரிடத்திலேயே வகைபிரிக்கப்பட்டன. அளந்தபின் ஒருங்கிணைப்பதைவிட அளக்குமுன் ஒருங்கிணைப்பது மேலானது என்பதை இவ்வலை உணர்த்துகின்றது. இயற்பியல், வேதியியல் தரவுகளைக் கிளாசு விர்ட்கி தொகுத்து வெளியிட்ட 1971ஆம் ஆண்டு நிலப்படத்தொகுதி நெடுங்காலம் இக்கடலின் முதன்மை நோக்கீட்டு நூலாக விளங்கியது.

உவர்ப்பளவீட்டில் இத்தகைய முன்னேற்பாடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிட்டது. மார்ட்டின் நூட்சனின் முயற்சியாற் கோபனேகனில் ஆயத்தமாகிய பொதுநிலைக் கடல்நீர், கண்ணாடிக் குமிழ்களில் அடைக்கப்பட்டு உலக ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டது. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் கருவியை அந்நீரைக் கொண்டே சரிபார்த்தது. 2010இல் கடல்நீருக்கான புதிய வெப்ப இயக்கவியற் சமன்பாடு முழுமை உவர்ப்பு என்ற திருத்தமான அளவை அறிமுகப்படுத்தியபோதும், தரவுத்தளங்கள் அளக்கப்பட்ட பழைய நடைமுறை உவர்ப்பையே தொடர்ந்து சேமிக்க வேண்டும் என்று அதன் ஆசிரியர்களே வற்புறுத்தினர். கணக்கிடும் முறை நாளை மாறலாம் என்பதே அவர்களின் காரணம்.

ஆழ்நீர் வெப்பநிலையில் அத்தகைய கவனம் முதலில் இருக்கவில்லை. 1960களிலிருந்து பரவிய, எறிந்துவிடத்தக்க வெப்ப ஆழமானி, தான் இறங்கிய ஆழத்தை அளப்பதில்லை. விழுந்த நேரத்திலிருந்து ஆழம் கணக்கிடப்படுகின்றது. கணக்கின் சமன்பாடு பிழையானது என்பது தெரிந்து 1990களில் திருத்தம் வெளியிடப்பட்டபின், சிலர் திருத்திய தரவையும் சிலர் திருத்தாத தரவையும் மையங்களுக்கு அனுப்பினர். எது எது என்ற குறிப்புப் பல இடங்களில் இல்லை. சிட்னி லெவிட்டசு தலைமையில் 1993இல் தொடங்கிய தரவு மீட்புத் திட்டத்தாற் பெருகிய உலகக் கடல் தரவுத்தளமும் இச்சுமையைத் தாங்கவேண்டியதாயிற்று. 1970, 80களில் ஆழ்நீர் திடீரென வெப்பமுற்றுப் பின் குளிர்ந்ததாகத் தோன்றிய மேட்டின் பெரும் பகுதி இக்கருவியின் பிழையே என்பது 2007இலும் அதனையடுத்தும் வந்த ஆய்வுகளால் உறுதியாயிற்று.

ஆர்கோ மிதவைத் திட்டம் இவற்றையெல்லாம் கண்ட தலைமுறையின் படைப்பு. 2007 நவம்பரில் 3,000 மிதவைகள் என்ற இலக்கை அது எட்டியது. பிரான்சின் பிரெசுட்டிலும் அமெரிக்காவின் மான்டரேயிலும் உள்ள இரு உலக மையங்கள் தரவை எவருக்கும் விலையின்றி வழங்குகின்றன. கருவி தந்த எண்ணும் திருத்திய எண்ணும் தரக்குறியீடும் ஒரே கோப்பில் அருகருகே இருக்கும். ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. 2006இல் வெளியான ஒரு கட்டுரை 2003 – 2005 காலத்திற் கடல் குளிர்ந்தது என்று அறிவித்தது. சில மிதவைகள் வெப்பநிலையைத் தவறான அழுத்தத்தோடு இணைத்து அனுப்பியதும், ஆழமானியின் வெப்பச் சாய்வும் சேர்ந்து அத்தோற்றத்தை ஏற்படுத்தின என்பதை அக்கட்டுரையாசிரியர்களே அடுத்த ஆண்டு கண்டறிந்து அறிவித்தனர். 1945இன் பிழைக்கு அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. இதற்கு ஓராண்டு போதுமானதாயிற்று.

எனினும் பொதுத்தரவு என்ற கொள்கைக்குச் சட்டத்தின் எல்லை உண்டு. 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை 200 கடல்மைல் தனிப்பொருளாதார மண்டலத்தில் ஆய்வு செய்யக் கரையோர நாட்டின் இசைவை வேண்டுகின்றது. மிதவையோ நீரோட்டத்தோடு எல்லை கடக்கும். கரையோர நாட்டுக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும் என்ற 1999ஆம் ஆண்டுத் தீர்மானம் ஓர் இடைவழியே. கடல்வளத்தை அந்நியர் அறிவதைச் சிறு நாடுகள் ஐயுறுவதற்குக் குடியேற்ற வரலாறு போதிய காரணம் தந்துள்ளது. அவ்வையத்தை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

ஆனால் ஐயத்துக்கும் காலத்தாழ்வுக்கும் விலையுண்டு. 2004 திசம்பர் 26 அன்று சுமாத்திராவின் கரைக்கப்பால் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையையும் தமிழ்நாட்டுக் கரையையும் அடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் சென்றது. இந்தியப் பெருங்கடலிற் கடல்மட்டமானிகள் இருந்தன. பல அவ்வலையைப் பதிவும் செய்தன. அப்பதிவுகளை உடனுக்குடன் பகிர்ந்து எச்சரிக்கையாக மாற்றும் பொது அமைப்பு இருக்கவில்லை. அடுத்த ஆண்டு அத்தகைய அமைப்புக்கு அடிகோலப்பட்டது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவற் சேவை மையத்தில் 2007இல் எச்சரிக்கைப் பிரிவு தொடங்கியது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, ஆத்திரேலியா ஆகிய மூன்றும் இப்பெருங்கடல் முழுவதற்கும் எச்சரிக்கைத் தகவலை வழங்கும் பொறுப்பை ஏற்றன.

ஒரே கடல்மட்டமானி இன்று இரு பணிகளைச் செய்கின்றது. ஆழிப்பேரலை எச்சரிக்கைக்கு விரைவு வேண்டும். சில நிமிடங்களில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதே போதும். கடல்மட்டம் நூறாண்டில் எவ்வளவு உயர்ந்தது என்பதற்கோ, மானியின் சுழியம் கரையிலுள்ள நிலைக்குறியோடு எவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தது என்ற முழு வரலாறும் வேண்டும். துறைமுகம் விரிக்கப்படும்போது மானி இடம் மாறும். குறிக்கல் கட்டடத்துக்கு அடியில் மறையும். இவை எங்கும் எழுதப்படாவிடின் அதற்கு முன்னுள்ள எண்களும் பின்னுள்ள எண்களும் உறவற்றவை ஆகிவிடும். 1933இல் தோற்றுவிக்கப்பட்டு இலிவர்பூலில் இயங்கும் நிலையான சராசரிக் கடல்மட்டச் சேவையகம் உலகெங்குமிருந்து வரும் பதிவுகளை இதனாலேயே இரண்டாகப் பிரித்து வைக்கின்றது. நிலைக்குறியின் வரலாறு தெரிந்தவை ஒரு தொகுதி, தெரியாதவை மற்றொன்று. இரண்டாம் தொகுதியின் எண்களைக் கொண்டு நெடுங்காலப் போக்கைக் கணிக்கலாகாது என்று அச்சேவையகம் ஆய்வாளரை எச்சரிக்கின்றது.